ஹல்துமுல்லை மேட்ச்சுக்குப் போன வழி

எனக்குப் பந்து ஆட வராது. ஓடினால் மூச்சு வாங்கும், உதைத்தால் செருப்புதான் முதலில் பறக்கும். ஆனாலும் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஃபுட்போல் டீம் வெளியூர் மேட்ச்சுக்குப் புறப்படுவதென்றால் நான் இல்லாமல் புறப்படாது. ஆட்டக்காரர்களை மலைக்கு மலை கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. யாரும் கொடுத்த வேலை இல்லை, நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது. பதுளை டவுனில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் சாமான் எடுத்துக் கொடுக்கிறேன். கடைக்கு வருவது லொறிக்காரரோ பால் வண்டிக்காரரோ, "எந்தப் பக்கம் போறீங்க? எந்த ரோட்டால போறீங்க? வரும்போது வண்டி சும்மாவா வருது?" என்று கேட்டால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். எங்கள் முஸ்லிம் முதலாளியை நானா என்றுதான் கூப்பிடுவோம், அவர் ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டார்: "தம்பி, நீ ஆணி விக்கிறியா, ரோட்டு விக்கிறியா?"

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நமுனுகுல மலையில் எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் வந்து நின்று பார்த்தால் தெரியும். எதிர் மலையில் ஒரு தோட்டம். அங்கே கொடியில் என்ன நிறத்தில் சேலை காய்கிறது என்பதுகூட இங்கிருந்து தெரியும். போய்ச் சேர அரை நாள் வேண்டும். கண் போகிற வழி ஒன்று, ரோடு போகிற வழி ஒன்று. இந்த இரண்டுக்கும் நடுவில் இன்னும் எத்தனை வழி ஒளிந்திருக்கிறது என்று தேடுவதில் எனக்கு ஒரு கிறுக்கு. மேட்ச் எனக்கு வெறும் சாக்கு என்பாள் என் மனைவி. பாதி உண்மைதான்.

கொழுந்து லொறியில் போயிருக்கிறோம். இறங்கும்போது ஆளுக்கு ஆள் பச்சை வாசம் அடிக்கும், கோல் போட்டவனைக் கட்டிப்பிடித்தால் சட்டைக்குள்ளிருந்து கொழுந்து உதிரும். பால் வண்டியில் கேன்களுக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்று பசறை வரைக்கும் போயிருக்கிறோம். ஒருமுறை மாப்பிள்ளை வீட்டுக் கல்யாண பஸ்ஸில் இடம் கிடைத்தது. போகிற வழியில் இறக்கிவிடுவதாகத்தான் பேச்சு. ஆனால் விட்டால்தானே! மண்டபத்துக்கே கொண்டுபோய், பந்தியில் உட்கார வைத்து, இலையில் பாயசம் ஓட ஓடப் பரிமாறினார்கள். அன்றைக்கு நாங்கள் வாங்கிய கோல்களை நான் எண்ணவே இல்லை. சென்டர் பேக் பந்தைப் பார்த்து ஏப்பம் விட்டான்.

இதில் எனக்கு விளங்காத ஒன்று உண்டு. வேனில் சொகுசாகப் போன மேட்ச்செல்லாம் பெரும்பாலும் தோற்றிருக்கிறோம். காடு மேடெல்லாம் நடந்து, அட்டைக் கடி வாங்கி, கால் முழுக்கச் சேற்றோடு போய்ச் சேர்ந்த மேட்ச்செல்லாம் ஜெயித்திருக்கிறோம். ஏன்? களைப்புத்தானே மிஞ்ச வேண்டும்? எங்கள் கேப்டனிடம் கேட்டேன். "நடந்து வந்தா உன் மேல ஆத்திரம் வருது. அத பந்து மேல காட்டுறோம்," என்றான். அவன் வாய் அப்படி.

பிறகு நாடு முழுக்க டீசல் இல்லாத அந்த வருஷம் வந்தது. எங்களை வழக்கமாக ஏற்றிப்போகும் வேன் கோயிலுக்குப் பின்னால் டயர் இல்லாமல் செங்கல் மேல் நின்றது. பஸ் வந்தால் வரும், வராவிட்டால் கேட்க நாதியில்லை. கரண்டும் போகும், போனும் சாகும். மற்றவர்களுக்கெல்லாம் தலையிடி. எனக்கோ, சொன்னால் உதைப்பார்கள், உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. சும்மா கிடந்த என் வழிகளுக்கெல்லாம் திடீரென்று மவுசு வந்துவிட்டது.

அந்த வருஷம்தான் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றோடு மேட்ச். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம், அவர்கள் கிரவுண்டில். நான் வழி போட்டுவிட்டேன்: விடிந்ததும் புறப்பட்டு, குறுக்குப் பாதையில் தெமோதரைக்கு இறங்குவது. அங்கே ரயில் பிடித்து அப்புத்தளை. அப்புத்தளையிலிருந்து கொழும்புக்கு மரக்கறி ஏற்றிப்போகும் லொறி எப்படியும் ஹல்துமுல்லையைத் தாண்டித்தான் போகவேண்டும். அதில் தொற்றிக்கொள்வது. இதைவிடச் சுத்தமான வழி இருக்க முடியாது என்று ஒரு வாரமாகப் பீற்றிக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் எங்கள் கோல் கீப்பர் என் வாசலில் வந்து நின்றான். முகம் சரியில்லை.

"அத்த செத்துப்போச்சிண்ணே," என்றான்.

அந்த அத்தையை எனக்கும் தெரியும். அவனுடைய அப்பாவின் கூடப்பிறந்தவர். ஹல்துமுல்லையில் நாங்கள் ஆடப்போகும் அதே தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவர். இவன் அப்பா சின்ன வயதிலேயே தவறிவிட, அம்மா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போக, இவனைத் தூக்கிக்கொண்டு போய் வளர்த்தது அந்த அத்தைதான். எங்கள் தோட்டத்து ஸ்டோரில், அதுதான் தேயிலை ஃபெக்டரியில், வேலை கிடைத்த பிறகுதான் அப்பாவின் பழைய காம்பராவுக்கு, லயத்து அறைக்கு, திரும்பி வந்தான். அதனால் அந்தத் தோட்டத்து டீம் முழுக்க இவனோடு ஒன்றாக வளர்ந்தவர்கள். இவன் எங்களுக்குக் கீப்பராக நின்றதில் அவர்களுக்குக் கடுப்பு. அவர்களுடைய சென்டர் ஃபோர்வர்ட் ஒருவன், ஆள் மாடு மாதிரி இருப்பான், அங்கே அத்தை வீட்டுக்கு அடுத்த காம்பராக்காரன். போன மேட்ச்சில் அவன் இவன் விலாவில் முழங்கையால் இடித்து, இவன் எழுந்து அவன் சட்டையைப் பிடித்து, அதிலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

"எப்ப எடுக்குறாங்க?"

"நாளைக்குப் பின்னேரம். மாமா போன் பண்ணினாரு. கோடி நான்தான் கொண்டாரணும்னாரு. சொல்லி முடிக்கிறதுக்குள்ள போன் செத்துருச்சு."

கல்யாணமாகிப் போன பெண் செத்தால், பிறந்த வீட்டிலிருந்து ஒரு புதுச் சேலை வந்து அவள்மேல் விழவேண்டும். அதுதான் கோடி. அண்ணன் தம்பி கொண்டுவருவது. அண்ணன் இல்லாவிட்டால் அண்ணன் மகன். இந்த அத்தைக்குப் பிறந்த வீடென்று மிச்சமிருந்தது இவன் ஒருத்தன்தான். கோடி விழாமல் பெட்டியை மூடினால், கேட்பாரில்லாத பெண்ணாகப் போய்ச் சேர்ந்ததாகச் சனம் பேசும். காலமெல்லாம் பேசும்.

"நான் போய்ச் சேரணும்ணே," என்றான். "மூடுறதுக்கு முந்தி போய்ச் சேரணும். எப்பிடியாச்சும்."

எத்தனையோ பேர் எத்தனையோ முறை என்னிடம் வழி கேட்டிருக்கிறார்கள். இப்படிக் கேட்டது இவன் ஒருத்தன்தான். அன்றிரவே புறப்படலாமென்றால் வண்டி இல்லை. இருந்த ஒரே வழி, டீமுக்கென்று நான் போட்டுவைத்த வழிதான். கோடி எடுக்க நமுனுகுல கடைவீதிக்குப் போனோம். துணிக்கடை நானா சாத்திய கதவைத் திறந்து டோர்ச் அடித்துச் சேலைகளைக் காட்டினார். இவன் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தான். கோடிச் சேலையில் என்ன பெரிய தெரிவு என்று எனக்கு வியப்பாக இருந்தது.

"அரக்கு வேணாம். அத்தைக்கு அரக்குன்னா ஆகாது," என்று சொல்லி, கடைசியில் கிளிப்பச்சையில் ஒன்றை எடுத்தான். அதை அவனுடைய பூட்ஸ் பையிலேயே வைத்துக்கொண்டான். வேறு பை அவனிடம் இல்லை.

மேட்ச்சைத் தள்ளிப்போடச் சொல்லி அந்த டீம் மேனேஜருக்குப் போன் போட்டுப் போட்டுப் பார்த்தேன். போகவில்லை. கீப்பர் இல்லாமலே ஆடுவது, கேப்டன் கோலில் நிற்பது என்று பேசி முடித்தோம். ஆடப் போகாமல் இருந்தால் அவர்களுக்கு வாக் ஓவர் ஆகிவிடும் அல்லவா? அத்தை இருந்தது மேல் டிவிசன். டீமில் முக்கால்வாசிப் பேர் கீழ் டிவிசன். இரண்டும் வேறு வேறு லயம், வேறு வேறு கோயில். எங்கள் தோட்டத்தில் ஒரு டிவிசனில் சாவு விழுந்தால் மற்ற டிவிசன் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். அங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம். ஒருத்தருக்காவது வேறு மாதிரி யோசிக்கத் தோன்றியிருக்கலாம்.

விடிந்ததும் இறங்கினோம். குறுக்குப் பாதை பனியில் வழுக்கியது. வழக்கமாக இந்த இறக்கத்தில் ஒரே கூத்தாக இருக்கும். யாராவது வழுக்கி விழுவான், கேப்டன் ரெட் கார்ட் காட்டுவான். அன்றைக்குக் கீப்பர் முன்னால் போய்க்கொண்டிருந்ததால் விழுந்தவன்கூடச் சத்தம் போடாமல் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டான்.

தெமோதரை ஸ்டேஷனைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். பதுளையிலிருந்து ஏறி வருகிற ரயில், முதலில் ஸ்டேஷனுக்கு அடியில் இருக்கும் குகைக்குள் நுழையும். பிறகு மலையை ஒரு சுற்றுச் சுற்றி மேலேறி, அதே ஸ்டேஷனுக்கு வந்து நிற்கும். எத்தனை முறை போனாலும் எனக்கு இது அலுக்காது. பிளாட்ஃபோர்மில் உட்கார்ந்திருக்கும்போது நம் காலுக்குக் கீழே ரயில் போகிற சத்தம் கேட்கும். கேட்ட ரயில் நம்மைத் தேடி மேலே வரும். இதை முதலில் யோசித்தவன் எப்படிப்பட்ட ஆளாக இருப்பான்? வீட்டிலே அவன் மனைவி என்ன சொல்லியிருப்பாள்?

அன்றைக்கும் கீழே சத்தம் கேட்டது. கீப்பர் துள்ளி எழுந்தான். "போயிருச்சு! ரயிலு போயிருச்சுண்ணே!"

அத்தை வீட்டுக்குப் போய்வர எப்போதும் இந்த ஸ்டேஷனில் ஏறி இறங்குகிறவன் அவன். ரயில் சுற்றி வருமென்று எல்லோரையும்விட அவனுக்கு நன்றாகத் தெரியும். கேப்டன்கூட அவனைக் கிண்டல் பண்ணவில்லை. தோளில் கை போட்டு, "வரும்டா, உக்காரு," என்றான். ரயில் வந்தது.

ரயிலுக்குள் மூச்சு விட இடமில்லை. பஸ் இல்லாத ஊரெல்லாம் அந்த ஒரு ரயிலில் ஏறியிருந்தது. உருளைக்கிழங்கு மூட்டை மேல் ஒரு குடும்பமே உட்கார்ந்து இடியப்பம் சாப்பிட்டது. எங்கள் பந்து வலையைப் பார்த்து ஓர் அம்மா, "கோழி கொண்டு போறீங்களா?" என்றார். "ஆமாங்க, உருண்டைக் கோழி," என்றான் கேப்டன். அந்த அம்மா வாய் விட்டுச் சிரித்தார். கீப்பர் வாசற்படியில் பையை மடியில் வைத்து, வெளியே பார்த்தபடி இருந்தான். அவன் என்ன நினைக்கிறான் என்று கேட்கவேண்டும் போல நாக்கு துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

தியத்தலாவை தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரயில் நின்றது. நிற்பது வழக்கம்தான் என்று இருந்தோம். நின்றது நின்றபடி கிடந்தது. இறங்கி முன்னால் போய்ப் பார்த்தால், தண்டவாளத்தின் குறுக்கே ஒரு பெரிய மரம் வேரோடு விழுந்து கிடக்கிறது. வெட்டி இழுக்க ஆள் வரவேண்டும். எப்போது வருவார்கள் என்று கேட்டதற்கு ரயில் கார்ட் வானத்தைப் பார்த்தார். அவரைச் சொல்லி என்ன.

என் சுத்தமான வழி அங்கேயே படுத்துவிட்டது. நான் தலையில் கை வைத்து நின்றேன். கீப்பர் பையைத் தோளில் மாட்டி, மரத்தைத் தாண்டி, தண்டவாளத்திலேயே நடக்கத் தொடங்கிவிட்டான்.

"டேய், நில்லுடா, யோசிப்போம்!" என்று கத்தினேன்.

"நீங்க யோசிச்சிட்டு வாங்க," என்றான் திரும்பாமல்.

டீம் முழுக்க அவன் பின்னால் போனது. நானும் ஓடினேன். தண்டவாளத்துச் சிலிப்பர் கட்டைக்கும் மனிதக் காலுக்கும் ஒத்தே வராது. ஒன்றுவிட்டு ஒன்று மிதித்தால் தூரம், ஒவ்வொன்றாக மிதித்தால் கிட்ட. அதைத் திட்டிக்கொண்டே அவனை எட்டிப் பிடித்தேன். பக்கத்தில் நடந்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "அத்தை எப்பிடிடா உன்ன வளத்தாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்டது தப்போ என்று நினைத்தேன். ஆனால் அவன் பேசினான். பேசக் காத்திருந்தவன் போலப் பேசினான்.

"மழ நாள்ல என் பூட்ஸுக்குள்ள பேப்பர அடச்சி அடுப்புக்கு மேல காய வைப்பாங்க. ஒருநா மறந்து தூங்கிட்டாங்க. பூட்ஸு கருகிப்போச்சு. ஆனா அடி எனக்குத்தான் விழுந்துச்சு."

"உனக்கு எதுக்கு?"

"அதத்தான் நானும் கேட்டேன். அதுக்கு இன்னொரு அடி." சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "நான் ஒங்க பக்கம் ஆட வந்தப்புறமும் என் கோலுக்குப் பின்னாலதான் வந்து நிப்பாங்க. அவங்க ஆளுங்க கோல் அடிக்க வந்தா அவங்களத் திட்டுவாங்க. நான் பந்த விட்டா என்னத் திட்டுவாங்க. ரெஃபரிய ரெண்டுக்கும் சேத்துத் திட்டுவாங்க."

எனக்கு நினைவிருந்தது. கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு நேரே கிரவுண்டுக்கு வருகிற ஒரு ஒல்லியான பெண். போன மேட்ச் முடிந்ததும் எங்கள் எல்லோருக்கும் வாளி நிறைய வெறும் தேத்தண்ணி கொண்டுவந்து, குடிக்கக் குடிக்க எங்கள் ஆட்டத்தை வைது தீர்த்தார். அவ்வளவு ருசியாகத் திட்டு வாங்கிக்கொண்டு தேத்தண்ணி குடித்தது அன்றைக்குத்தான். அந்தக் குரல் இனி அந்த கிரவுண்டில் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அப்புத்தளைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் உச்சி தாண்டியிருந்தது. மரக்கறி லொறிகளில் பாதி போய்விட்டிருந்தன. கோவா, அதுதான் முட்டைக்கோஸ், மூட்டை மூட்டையாக ஏற்றி, படங்குத் துணி போட்டுக் கட்டிக்கொண்டிருந்த ஒரு லொறி மட்டும் புறப்படும் நிலையில் நின்றது. சாரதி சிங்களவர், கோபக்காரர் போலத் தெரிந்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மளகெதரவுக்குப் போகவேண்டும், சாவு வீட்டுக்குப் போகவேண்டும் என்று சொன்னேன். அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். முதுகில் நம்பர் போட்ட சிவப்பு ஜெர்சி. கையில் பந்து வலை. கழுத்தில் கட்டித் தொங்கவிட்ட பூட்ஸ். "சாவு வீட்டுக்கா? பதினொரு பேரா? பந்தோடயா?" என்று சிங்களத்தில் கேட்டுவிட்டு, வேறு ஆளைப் பார் என்பதுபோலக் கதவைச் சாத்தினார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

கீப்பர் பையைத் திறந்து அந்தப் பச்சைச் சேலையை எடுத்து ஜன்னலுக்கு நேரே நீட்டினான். மடிப்புக் கலையாத புதுச் சேலை. "நெந்தா," என்றான். சிங்களத்தில் அத்தை என்று அர்த்தம். அதற்கு மேல் அவனுக்கு வரவில்லை.

சாரதி இறங்கி வந்தார். அவராகவே படங்கின் ஒரு பக்கத்தை அவிழ்த்தார். ஏறச் சொல்லிக் கை காட்டிவிட்டு, கோவாவை மிதிக்கக் கூடாது, மிதித்தால் கொழும்பில் ஒருத்தன் வாங்க மாட்டான் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். கோவா மூட்டையை மிதிக்காமல் கோவா லொறியில் எப்படிப் போவது? எல்லோரும் குப்புறப் படுத்துக்கொண்டோம். வளைவுக்கு வளைவு மொத்த டீமும் ஒரு பக்கம் உருளும், பிறகு மறுபக்கம் உருளும். பெரகல சந்தியில் திரும்பும்போது கேப்டன் என் மேல் முழுசாக வந்து விழுந்து, "உன் வழிக்கு ஒரு கும்பிடு," என்றான். மழைக்காற்று அடித்தது. கீழே பள்ளத்தாக்கிலிருந்து பனி மேலேறி வருவது தெரிந்தது. மழை வந்தால் பிணத்தை வைத்திருக்க மாட்டார்கள், சீக்கிரம் எடுத்துவிடுவார்கள். அது எல்லோருக்கும் தெரியும்.

தோட்டத்துக்குத் திரும்பும் முடக்கில் சாரதி நிறுத்தினார். சாவு வீட்டுக்கு அடையாளமாக வேலியெல்லாம் வெள்ளைப் பொலித்தீன் கட்டித் தொங்கவிட்டிருந்தது. முடக்கை ஒட்டித்தான் கிரவுண்ட். முதலில் அங்கே ஏறினோம். எல்லோரையும் கிரவுண்டில் விட்டுவிட்டு, கீப்பருக்குத் தெரிந்த குறுக்கு வழியில் நான் மட்டும் அவனோடு மேல் டிவிசனுக்குப் போவதாகத் திட்டம்.

கிரவுண்டில் ஒரு ஈ காக்கை இல்லை. கோல் போஸ்டில் ஒரு மாடு முதுகைத் தேய்த்துக்கொண்டு நின்றது.

"வாக் ஓவர்!" என்றான் எங்கள் ஆள் ஒருவன். "ஆளையே காணோம், நம்ம ஜெயிச்சிட்டோம்!" இரண்டு பேர் சிரித்தார்கள்.

எனக்கு வந்ததே ஆத்திரம். அவன்மேல் பாய்ந்து, "வாய மூடுடா மூதேவி!" என்று கத்தினேன். கத்தும்போதுதான் என் மண்டையில் ஏறியது. மேலே சாவு. கிரவுண்டில் ஆள் இல்லை. எங்கள் டிவிசனில் சாவு விழுந்தால் குழி வெட்டுவது யார்? எங்கள் டீம் பையன்கள்தான். மண்வெட்டியும் கடப்பாறையும் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் அவர்கள்தான். எந்தக் கேப்டனும் கூப்பிடவேண்டியதில்லை, தானாகப் போவார்கள். இங்கே மேல் டிவிசன், கீழ் டிவிசன் என்றெல்லாம் நான் பிரித்து வைத்திருந்தேன். அவர்களுக்கு ஒரே டீம், ஒரே இடுகாடு. நம் வீட்டுச் சாவென்றால் சாவு, அடுத்த தோட்டத்துச் சாவென்றால் மேட்ச் நடக்கும் என்று எப்படி நினைத்தேன்?

அந்த நேரம் மேலேயிருந்து தப்பு மேளச் சத்தம் கேட்டது. ஒரே இடத்திலிருந்து வரவில்லை. நகர்ந்துகொண்டிருந்தது. இறங்கிக்கொண்டிருந்தது.

"எடுத்துட்டாங்க," என்றான் கீப்பர்.

ஓடினான். பாதையைத் தேடவில்லை. தேயிலைக்குள் விழுந்து நேரே ஓடினான், செடி ஜெர்சியைக் கிழிக்கக் கிழிக்க ஓடினான். அவன் பின்னால் டீமே ஓடியது. நான் மூச்சிரைத்து, வழுக்கி விழுந்து, முட்டி தேய்ந்து, கடைசி ஆளாகப் போய்ச் சேர்ந்தேன்.

இடுகாட்டு மேட்டில் சனம் நின்றது. நடுவே பெட்டி, மூடி திறந்தபடி. பூசாரியும் பெரியவர்களும் வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கை பிசைந்தார்கள். முதல் தூறல் விழுந்துகொண்டிருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் குழி. குழிக்குள்ளிருந்து மண் மேலே வந்து விழுந்தபடியே இருந்தது. வெட்டுகிறவனின் தலைகூடத் தெரியவில்லை. அவர்களுடைய டீம் ஆட்கள் சுற்றி நின்றார்கள், உடம்பெல்லாம் சேறு.

"போதும்டா! மேல வாடா! பாதாளத்துக்கா வெட்டுற?" என்று ஒரு பெரியவர் குழிக்குள் பார்த்துக் கத்தினார்.

"இன்னும் கொஞ்சந்தாங்க. அடியில கல்லு கெடக்கு," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

கீப்பர் பெட்டியருகே மண்டியிட்டு விழுந்தான். பையின் சிப் சிக்கிக்கொண்டது. இழுத்தான், வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தான். முதலில் கையுறை வந்து விழுந்தது, பிறகு ஒரு பூட்ஸ், பிறகுதான் சேலை. விரித்து அத்தைமேல் போட்டான். கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டான், குளிருக்குப் போர்த்துவது மாதிரி. முகத்தைத் தொட்டான். அதற்குப் பிறகு அவன் அழுத அழுகையை நான் எழுத மாட்டேன்.

அத்தையின் புருஷன் வந்து அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "வந்துட்டியாய்யா. பொறந்த வீட்டு ஆளு வந்துருச்சுடி, பாரு," என்று பெட்டியைப் பார்த்துச் சொன்னார். பெண்கள் ஒப்பாரி எடுத்தார்கள். நான் என் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன், மழை என்று நினைத்துக்கொள்ளட்டும்.

பெட்டியை மூடினார்கள். குழியில் இருப்பவன் ஏறி வந்தால்தானே இறக்க முடியும்? மண்வெட்டி வெளியே வந்து விழுந்தது. இரண்டு கைகள் விளிம்பைப் பற்றின. வழுக்கி உள்ளே விழுந்தன. மறுபடி பற்றின. அவ்வளவு ஆழம். கீப்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளிம்பில் குப்புறப் படுத்தான், இரண்டு கையையும் உள்ளே நீட்டினான், இழுத்தான். மேலே வந்தது அந்தச் சென்டர் ஃபோர்வர்ட். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து ரத்தமும் மண்ணுமாக இருந்தது.

இருவரும் கையைப் பிடித்தபடியே நின்றார்கள். கீப்பர் குழிக்குள் எட்டிப் பார்த்தான்.

"கல்லுன்னியே. எங்கடா கல்லு?"

"கல்லுமில்ல, மண்ணாங்கட்டியுமில்ல," என்றான் அவன். "வெட்டுறத நிப்பாட்டினா மூடிருவாங்க. ரயிலு வழியில நின்னுருச்சின்னு காலையிலயே சேதி வந்துருச்சு. இவன் வர மாட்டான், இறக்குங்கன்னு எல்லாரும் சத்தம் போடுறாங்க. எதுலயாச்சும் தொத்திக்கிட்டு நீ வந்துருவன்னு எனக்குத்தான் தெரியும். மேட்ச்சுக்கு நாங்களும் அப்பிடித்தானடா வாறோம்."